கடைக்குப் போய் வந்த பிள்ளைகள்

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



விழாவில் ஒரு வைத்தியரைப் பேச அழைத்தால் அவர் பிரஷரைப் பற்றியும் சீனி வருத்தத்தைப் பற்றியும் பேசுவார் என்பது வழக்கம். விழாக் குழுவும் அதைத்தான் கேட்டது. நாங்கள் வேறொரு தலைப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டோம். பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளின் கைக்குச் சிகரெட் எப்படிப் போய்ச் சேருகிறது என்பதே அது. "பொம்பளப் புள்ளைங்க பள்ளிக்கூடத்துல இது என்னம்மா பேச்சு?" என்று குழுவிலிருந்த மூத்த அக்கா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவர்கள் இம்மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறோம். கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் நாங்களே.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த மாலை நேரம் நினைவிருக்கும். மலையிலிருந்து அப்பா வருவார், கால் கழுவுவார், வாசற்படியில் உட்காருவார். தேத்தண்ணியைக் கையில் வாங்கியதும் அடுத்த பேச்சு, "ஓடிப்போய் ரெண்டு சிகரெட்டு வாங்கிட்டு வா புள்ள. கொப்பியில எழுதிக்கச் சொல்லு." தாத்தாவுக்குச் சுருட்டு. அப்பாயிக்குப் புகையிலைத் துண்டு. மழை பெய்தால் சுருட்டு நனையக் கூடாதென்று கணக்குக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்துச் சுற்றி, சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறோம். சம்பள நாளில் காசு கொடுத்து அனுப்பினால் மிச்சத்துக்கு ஒரு டொபி கிடைக்கும். அதுதான் எங்கள் கொமிசன். எட்டு வயதில் எங்களுக்கு எந்தச் சிகரெட் எந்தப் பெட்டியில் வரும், எது எத்தனை சதம் என்பது வாய்ப்பாட்டை விட நன்றாகத் தெரியும்.

அப்பாமாரைக் குறை சொல்லவில்லை. விடிவதற்கு முன் பிரட்டுக்குப் போய், நாள் முழுக்க மேட்டில் நின்ற மனிதர் மறுபடியும் ஒரு மேடு ஏறிக் கடைக்குப் போக மாட்டார். பிள்ளை ஓடிப் போய் வரும். அவ்வளவுதான் அன்றைய கணக்கு.

எங்கள் வகுப்பில் ஒருத்தி வீட்டில் சிறிய கடை இருந்தது. டொபி போத்தல், பிஸ்கட் டின், பருப்பு, கருவாடு, மண்ணெண்ணெய். டொபி போத்தலுக்கு நேர் மேலே சிகரெட் பெட்டிகள். கையெழுத்து அழகாக இருந்ததால் கடன் கொப்பி எழுதுகிற வேலை அவளுக்கு. பக்கத்து லயத்துப் பையன் ஒருவன், பன்னிரண்டு வயது, தகப்பனுக்கு இரண்டு சிகரெட் வாங்க வருவான். ஒரு நாள் "மூணு" என்றான். அவள் மூன்று எழுதினாள். அடுத்த நாளும் மூன்று. தகப்பன் எழுத்து வாசிக்கத் தெரியாதவர். மாதக் கடைசியில் சொன்ன தொகையைக் கட்டிவிட்டுப் போவார். மூன்றாவது யாருக்கு என்பது அவளுக்குத் தெரியும். அதற்குப் பதிலாக அவன் ஆற்றுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கொய்யாப்பழம் பறித்து வந்து கொடுப்பான். எங்களுக்கும் அதில் பங்கு கிடைத்தது. நாங்களும் சாப்பிட்டோம்.

அந்தப் பையனை நாங்கள் மறுபடியும் பார்த்தது கிளினிக்கில். வயது நாற்பதுக்குள். வலது காலின் இரண்டு விரல்கள் கறுத்திருந்தன. இரவில் வலியில் தூக்கமில்லை, காலைக் கட்டிலுக்கு வெளியே தொங்கப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பேன் என்றார். சீனி வருத்தம் இல்லை. பேர்கர் நோய் என்று அதற்குப் பெயர். இள வயதில் புகைக்கத் தொடங்கியவர்களைத் தேடி வருகிற நோய் அது. கைகால்களின் சிறிய இரத்தக் குழாய்கள் அழற்சி கண்டு அடைபடும்; விரல் அழுகும்; புகைத்தலை முற்றாக நிறுத்தினால் நோய் அந்த இடத்தில் நிற்கும், ஒன்றிரண்டு மட்டும் பிடித்தாலும் நிற்காது. மருந்தைவிட அந்த நிறுத்தம்தான் மருந்து. அவரால் நிறுத்த முடியவில்லை. முதலில் விரல்கள், பிறகு பாதம்.

புகைக்கிற நோயாளர்களிடம் நாங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்றுண்டு. முதல் சிகரெட் எங்கே கிடைத்தது? அவரிடமும் கேட்டோம். சிரித்தார். "அப்பா கணக்குலதான் டொக்டர். ஒங்க கூட்டாளி எழுதிக் குடுத்தது."

அந்தக் கூட்டாளி இன்று இந்த மண்டபத்தில் இருக்கிறாள். இதைச் சொல்லச் சொன்னவளும் அவள்தான். பெயரை மட்டும் சொல்லாதே என்றாள்.

இது பழைய கதை, இப்போது சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நல்ல சட்டம். 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின்படி 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருளையோ மதுசாரத்தையோ விற்க முடியாது. இந்தியாவில் புகையிலைக்கு வயது 18. அமெரிக்கா முழுவதும் 21 என்று ஆனது 2019 டிசம்பரில். நாங்கள் அவர்களுக்குப் பதின்மூன்று ஆண்டுகள் முன்னே போனவர்கள். புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார நிறுவனத்தின் சமவாயத்தை 2003இல் ஏற்றுக்கொண்டபோதும் தென்கிழக்காசியப் பிராந்தியத்தில் இலங்கையே முதலாவது. பெருமைப்படலாம்.

ஆனால் அந்தச் சட்டம் மனதில் வைத்திருக்கும் கடை, முகம் தெரியாத வாலிபன் ஒருவன் வந்து நின்று சிகரெட் கேட்கும் பட்டணத்துக் கடை. முதலாளி அவனை ஏற இறங்கப் பார்க்க வேண்டும், சந்தேகம் வந்தால் அடையாள அட்டையைக் கேட்க வேண்டும். தோட்டத்துக் கடையில் அடையாள அட்டைக்கு என்ன வேலை? அந்தப் பிள்ளை பிறந்த அன்றைக்குச் சீனியும் கற்கண்டும் கடனாகக் கொடுத்தவரே அந்த முதலாளிதான். வயது அவருக்குத் தெரியும். அவர் கண்ணுக்கு முன்னால் நிற்பது வாங்குகிற ஆள் அல்ல, வாங்க அனுப்பப்பட்ட ஆள். "நான் புள்ளைக்கா குடுக்கிறேன்? அப்பனுக்குத்தானே குடுக்கிறேன்" என்பார். சட்டம் அப்படிப் பார்க்கவில்லை. யாருக்காக வாங்கினாலும், கையில் வாங்குகிறவருக்கு 21 வயது ஆகாவிட்டால் அது குற்றம்தான். இதைப் பல முதலாளிமாருக்கு நாங்கள் சொன்னபோது உண்மையாகவே ஆச்சரியப்பட்டார்கள். கடைச் சுவரில் வயது பற்றிய அறிவித்தல் ஒட்டியிருக்கும். அதற்குக் கீழேயே, சிகரெட் பற்றவைக்க ஒரு லைட்டர் நூலில் கட்டித் தொங்கும்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் துண்டு முறை என்று ஒன்று இருந்தது. தொழிலாளியின் கடனை ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, கடனோடு சேர்த்து ஆளையும் தோட்டம் விட்டுத் தோட்டம் மாற்றிய முறை. 1921இல் சட்டத்தால் அதை ஒழித்தார்கள். கடைக் கொப்பியை யாரும் ஒழிக்கவில்லை. ஒழிக்கவும் முடியாது, அது இல்லாவிட்டால் மாதக் கடைசியில் அடுப்பு எரியாது. ஆனால் கையில் காசில்லாத ஒரு பிள்ளை சிகரெட் வாங்குவதற்கு அதைவிட வசதியான வழி கிடையாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அடுத்தது, ஒற்றையாக விற்பது. நம் பக்கத்தில் சிகரெட்டைப் பெட்டியாக வாங்குகிறவர் குறைவு. ஒன்று, இரண்டு என்றுதான் வாங்குகிறோம். உலக சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை, ஒற்றையாக விற்பதைத் தடை செய்ய நாடுகள் முயல வேண்டும் என்கிறது. காரணம் வெளிப்படையானது. 2015 முதல் இலங்கையில் சிகரெட் பெட்டியின் 80 வீதத்தை எச்சரிக்கைப் படம் மூடியிருக்க வேண்டும். அழுகிய கால், வாய்ப் புற்றுநோய், சுவாசப்பை. அந்தப் படத்தை யார் பார்க்கிறார்கள்? கடைக்காரர் பார்க்கிறார். ஒன்று வாங்கிப் போகிற பையன் கையில் படமும் இல்லை, எழுத்தும் இல்லை, வெள்ளைக் குழாய் மட்டும்.

விலை ஏறினால் பிள்ளைகள் வாங்க மாட்டார்கள் என்பது பொதுவாக உண்மை. இன்று ஒரு சிகரெட் நூறு ரூபாவுக்கு மேல். 2024இல் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று உயர்ந்தபோதும், பத்துச் சிகரெட் வாங்கினால் அதில் ஏறத்தாழ எல்லாமே போய்விடும். அதனால் பையன்கள் விட்டுவிட்டார்களா? சிலர் தொடங்கவே இல்லை, அது நல்லது. மற்றவர்கள் ஒன்றை வாங்கி மூன்று பேராக இழுக்கிறார்கள், பீடிக்குப் போகிறார்கள். ஹட்டனில் டியூசன் முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருக்கும் அரை மணி நேரத்தில், காசு சேர்த்து ஒருவனை அனுப்புகிறார்கள். மீசை அரும்பியவன் எவனோ அவன் போவான். நுவரெலியாவில் ஏப்ரல் மாத சீசனில் கைக்காசு பழகும். வாகனம் நிறுத்த இடம் காட்டி, மரக்கறி மூட்டை தூக்கி, குதிரைக்காரருக்கு ஒத்தாசை செய்து கிடைக்கிற காசு. வீட்டுக்குக் கணக்குக் காட்டத் தேவையில்லாத முதல் காசு அதுதான்.

தீபாவளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். சாதாரண தரத்தோடு படிப்பை விட்டுக் கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்கிற அண்ணன்மார் வீட்டுக்கு வருகிற நேரம். புதுச் சட்டை, புது ஃபோன், சட்டைப் பையில் முழுப் பெட்டி. லயத்துக்குப் பின்னால், தண்ணீர்ப் பீலிக்குப் பக்கத்தில், "பெரிய ஆளாயிட்ட, ஒண்ணு இழு" என்று தம்பிக்கு நீட்டுவது கெட்ட எண்ணத்தில் அல்ல. அது ஒரு வரவேற்பு. கம்பனிகள் எவ்வளவு செலவழித்தாலும் வாங்க முடியாத விளம்பரம். இந்தத் தம்பி ஒரு கடைக்கும் போகவில்லை, எந்தச் சட்டத்திலும் அகப்பட மாட்டான். முதல் சிகரெட் பெரும்பாலும் விலைக்கு வாங்கியதாக இருப்பதில்லை. உறவினர் அல்லது கூட்டாளி கொடுத்ததாகவே இருக்கும்.

இழவு வீட்டுத் தட்டு இன்னும் மோசம். இதைச் சொன்னால் சிலருக்கு மனம் நோகும், ஆனாலும் சொல்கிறோம். வெற்றிலை, பாக்கு, புகையிலை, சுருட்டு, சிகரெட் அடுக்கிய தட்டைத் தூக்கிக்கொண்டு துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நடுவே சுற்றி வருபவன் யார்? பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன். பெரியவர்களுக்கு வேறு வேலை. இரவு முழுக்க விழித்திருக்க வேண்டும், குளிர், தட்டு அவன் கையில். ஒன்றிரண்டு குறைந்தால் யார் எண்ணுவார்? மரண சகாய சங்கமொன்றின் செலவுக் கொப்பியில் பெட்டி, பூ, தேத்தூள், சீனி என்பவற்றுக்குக் கீழே சிகரெட்டுக்குத் தனி வரியே போட்டிருந்ததைப் பார்த்திருக்கிறோம். செத்தவர் தொண்டைப் புற்றுநோயில் செத்தவர்.

சிகரெட், சிகரெட் என்று பேசிக்கொண்டே போனால் எங்கள் பக்கத்து உண்மை பாதிதான் வெளியே வரும். 2015இல் பதின்மூன்று முதல் பதினைந்து வயது மாணவரிடையே நடந்த உலக இளையோர் புகையிலை ஆய்வில், இலங்கையில் ஏதாவதொரு புகையிலைப் பொருளைப் பாவித்தவர்கள் 3.7 வீதம், ஆண் பிள்ளைகளில் 6.7, பெண் பிள்ளைகளில் 0.7. சிறிய எண்கள்தான், நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த எண்ணுக்குள்ளே, புகைத்தவர்களை விட மென்றவர்களே அதிகம். மாவா, பாபுல் என்று பொட்டலத்தில் வருகிற சரக்கைப் பிள்ளைகளுக்குத் தெரியும். 2016இல் புகையற்ற புகையிலைப் பொருட்களைத் தடை செய்தார்கள். அதன் பிறகு அவை காட்சியிலிருந்து போயின, கடையிலிருந்து எல்லா இடத்திலும் போகவில்லை. சிகரெட்டுக்கு நெருப்பு வேண்டும், புகை வரும், மணம் காட்டிக்கொடுக்கும். கன்னத்தில் அடக்கிய பொட்டலம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாலும் தெரியாது.

இதில் அம்மாமாருக்கும் பங்கு உண்டு, எங்களுக்கும். கொழுந்து மலையில் குளிருக்கும் பசிக்கும் வெற்றிலை. அட்டை கடித்தால் அதன் மேல் துப்புவதற்கும் அதுவே. அம்மாவின் வெற்றிலைப் பையிலிருந்து ஒரு சின்னத் துணுக்குப் புகையிலையைக் கிள்ளி வாயில் போட்டுத் தலைசுற்றி வாந்தி எடுத்த அனுபவம் இந்த மண்டபத்தில் எத்தனை பேருக்கு உண்டென்று கை உயர்த்தச் சொன்னால், ஆசிரியைகள் முன்னால் யாரும் உயர்த்த மாட்டீர்கள். சரி, விடுவோம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கென்றால் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் பாக்கைத் தனியாகவே புற்றுநோய் உண்டாக்கும் பொருளென்று வகைப்படுத்தியது. இலங்கை ஆண்களிடையே முதலிடத்தில் நிற்கும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோய். அதற்கு முன்னால் வருகிற நிலை ஒன்றுண்டு. வாயின் உட்தோல் வெளிறி, நார்போல் இறுகும். உறைப்புச் சாப்பிட்டால் எரியும். பிறகு வாய் முழுதாகத் திறக்காது. இரண்டு விரலைக்கூட உள்ளே விட முடியாத இளைஞர்களைப் பேராதனைப் பல் வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்திருக்கிறோம். இறுகிய தோல் பழையபடி இளகாது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பெரியவர்களின் உடம்பு வேறு, உங்கள் உடம்பு வேறு. மூளை இருபது வயது தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது. நிக்கொட்டின் அந்த வளருகிற மூளையைச் சீக்கிரம் பழக்கிவிடும். தினமும் பிடிக்கத் தேவையில்லை. வாரத்துக்கு ஒன்றிரண்டு என்று தொடங்கியவர்களே, சில மாதங்களில் அது இல்லாவிட்டால் எரிச்சல், படிப்பில் கவனமின்மை என்று வருகிறார்கள். "நினைச்சா விட்டுடுவேன்" என்று பதினைந்து வயதில் சொன்னவர்களைத்தான் நாங்கள் நாற்பது வயதில் கிளினிக்கில் பார்க்கிறோம். புகைக்காத பெண் பிள்ளைகளும் தப்பவில்லை. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பராவில், விறகடுப்புப் புகையோடு அண்ணனின் பீடிப் புகையும் சேர்ந்தால் அதைக் குடிப்பது வீட்டில் இருக்கும் தங்கையும், அவள் இடுப்பிலிருக்கும் குழந்தையும்தான்.

ஒவ்வோர் ஆண்டும் மே 31ஆம் திகதி புகையிலை எதிர்ப்புத் தினத்துக்குப் பாடசாலைகளில் சித்திரப் போட்டி வைக்கிறார்கள். கறுத்த சுவாசப்பை, மண்டை ஓடு, சிலுவையில் அறைந்த சிகரெட். நாங்களும் நடுவர்களாக இருந்து பரிசு கொடுத்திருக்கிறோம். ஒரு முறை, முதற்பரிசு வாங்கிய பிள்ளையை அன்று மாலையே கடையில் கண்டோம். அப்பாவுக்கு இரண்டு சிகரெட் வாங்க வந்திருந்தாள். எங்களைக் கண்டதும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. வெட்கப்பட வேண்டிய பெரியவர்கள் அங்கே நாலைந்து பேர் நின்றோம்.

அன்றிலிருந்துதான் சித்திரத்தை விட்டுக் கடைப் பக்கம் திரும்பினோம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் வந்து வழக்குப் போடலாம், போடுகிறார்கள். ஆனால் ஒருவர் எத்தனை தோட்டத்துக்குத்தான் போவார்? அதனால் முதலில் எங்கள் ஆட்களிடம் போனோம். பழைய மாணவியர் நடத்துகிற, அல்லது அவர்களுடைய கணவன்மார் நடத்துகிற கடைகள். "நாங்க குடுக்கலைன்னா அடுத்த கடையில வாங்குவாங்க, கணக்கே மாறிப் போயிடும்" என்றார்கள். அந்தப் பயம் பொய்யல்ல. கொப்பி ஒன்று மாறினால் அரிசி, மா, பருப்பு எல்லாமே மாறும். ஒருத்தி மட்டும் துணிந்தாள். பிள்ளை வந்தால் சாமான் எல்லாம் கொடுப்பாள், சிகரெட், புகையிலை மட்டும் இல்லை, "அப்பாவை வரச் சொல்லு." முதல் இரண்டு வாரம் ஏச்சு. இரண்டு வீட்டுக் கணக்கு அடுத்த கடைக்குப் போனது உண்மை. பிறகு அப்பாமார் தாங்களே வரத் தொடங்கினார்கள். மழை நாளில் மேடேற அலுப்புப்பட்டுச் சிலர் அன்றைக்கு இல்லாமலே இருந்துவிட்டார்களாம். இதை எதிர்பார்க்கவில்லை என்று சிரித்தாள். போன ஒரு கணக்கு திரும்பி வந்தது, அந்த வீட்டம்மா கொண்டு வந்தார். கொப்பியில் சிகரெட் வரி இல்லாத மாதம் எவ்வளவு மிச்சம் என்று அவர் கணக்குப் பார்த்திருந்தார்.

இன்று உங்களிடம் கேட்பது பெரிய காரியமல்ல. பிள்ளையைச் சிகரெட் வாங்க அனுப்பாத வீடாக உங்கள் வீடு இருக்கட்டும். உங்கள் தோட்டத்து மரண சகாய சங்கக் கூட்டத்தில் அந்த ஒரு வரியை வெட்டச் சொல்லிக் கேளுங்கள். வெற்றிலையைப் பற்றி அடுத்த வருடம் சண்டை பிடிப்போம். வீட்டில் புகைக்கிறவர் விட நினைத்தால் 1948 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். தேசிய அதிகாரசபை நடத்துகிற உதவிச் சேவை அது. மலையகத்தில் பிறந்த யாருக்கும் அந்த இலக்கம் மறக்காது. பிரஜாவுரிமை பறிபோன ஆண்டு. நல்ல காரியமொன்றுக்கும் அது இனி நினைவில் நிற்கட்டும்.

நம் பாடசாலை வாசலிலிருந்து பஸ் நிறுத்தம் வரை உள்ள கடைகளுக்குத் தேநீர் இடைவேளைக்குப் பிறகு ஏழு பேர் போகிறோம். அதிபரிடம் சொல்லியாயிற்று. வயது பற்றிய புதிய அறிவித்தல்கள் மூன்று மொழியிலும் அச்சடித்து வைத்திருக்கிறோம். ஒட்டுகிற இடத்தில் லைட்டர் தொங்கினால் கழற்றச் சொல்லிக் கேட்போம், ஏசினால் கேட்டுக்கொள்வோம். இன்னும் மூன்று பேர் வந்தால் இரண்டு குழுவாகப் பிரியலாம். கொப்பி எழுதிய நம் கூட்டாளி கதவருகில் பெயர் எழுதிக்கொண்டு நிற்பாள். அவள் கையெழுத்து இப்போதும் அழகுதான்.